திறந்த பேரேடும் முத்திரையிட்ட உறையும்

லண்டன் மாநகரில், புனித பவுல் பேராலயத்துக்குத் தெற்கே, இப்போது இடிபட்டு மறைந்துவிட்ட டாக்டர்ஸ் காமன்ஸ் என்னும் பழைய கட்டிடத் தொகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு ஷில்லிங் கட்டணம் செலுத்தியவர் யாராயினும், அவர் பிரபுவானாலும் சமையற்காரியானாலும், இறந்துபோன ஒருவருடைய மரண சாசனத்தைத் தேடி எடுக்கச் செய்து, முதல் வரியிலிருந்து சாட்சிகளின் கையெழுத்து வரையில் வாசித்துப் பார்க்கலாம். இறந்தவருக்கு நீ என்ன உறவு, எதற்காகக் கேட்கிறாய் என்று வினவும் வழக்கம் அங்கே இல்லை. அந்தக் கட்டிடத்தின் நியாயஸ்தலங்களில், 1829-ஆம் ஆண்டை ஒட்டி, விசாரணைகளைச் சுருக்கெழுத்தில் எடுத்துக் கொடுத்து ஜீவனம் செய்துகொண்டிருந்த, இருபது வயதும் நிரம்பாத இளைஞர் ஒருவர் இருந்தார். சார்லஸ் டிக்கன்ஸ் என்பது அவர் பெயர்.

உலகப் புகழ் வந்த பின்பும் அந்த இடத்தை அவர் மறக்கவில்லை. 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலின் கதாநாயகனை அங்கேயே தொழில் பழக அனுப்பினார். ஒரு பெரிய தேசத்து ஜனங்களின் ஆஸ்திக்கெல்லாம் ஆதாரமான சாசனங்கள், பத்திரமாக இருக்குமா என்று எவரும் சோதித்துப் பார்க்காத ஒரு கட்டிடத்தில் அள்ளித் திணிக்கப்பட்டுக் கிடப்பதையும், அவற்றுக்குப் பொறுப்பான பதிவாளர் பெருவருமானம் பெற்றுக்கொண்டு அவற்றைப் பற்றிச் சிறிதும் கவலையின்றி இருப்பதையும் அந்த நாவலிலேயே எடுத்துக் காட்டினார். அதோடு மனம் அமையாமல், 1850-ல் தாம் நடத்திவந்த வாரப் பத்திரிகையில், துணை ஆசிரியரோடு சேர்ந்து, பேராலயங்களின் பதிவகங்களில் ஆங்கில நாட்டு உயில்கள் அடைந்திருந்த அவல கதியைத் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். அந்நாளில் இங்கிலாந்தில் உயில்களை மெய்ப்பித்துக் கொடுக்கும் அதிகாரம் அரசாங்க நீதிமன்றங்களிடம் இருக்கவில்லை. திருச்சபை நீதிமன்றங்களிடமே இருந்தது. கான்டர்பரி, யார்க் ஆகிய இரண்டு பெரிய மன்றங்களுக்குக் கீழே இருநூறுக்கும் மேற்பட்ட சிறு மன்றங்கள் நாடெங்கும் சிதறிக் கிடந்தன. ஒருவருடைய உயில் எந்த ஊரில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே ஒரு தவமாக இருந்தது.

1857-ல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்து, அந்த அதிகாரத்தைத் திருச்சபையிடமிருந்து பறித்து, ஒரே அரசாங்க நீதிமன்றத்தின் கையில் கொடுத்தது. 1858-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. அன்று முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மெய்ப்பிக்கப்பட்ட ஒவ்வோர் உயிலும் ஒரே வரிசையில் சேர்க்கப்பட்டு, ஆண்டுதோறும் ஒரு பேரேட்டில் அகராதிக் கிரமத்தில் அச்சாகி வந்தது. இறந்தவரின் பெயர், விலாசம், தொழில், இறந்த தேதியும் இடமும், உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்றவர் பெயர், விட்டுச் சென்ற ஆஸ்தியின் மதிப்பு ஆகிய இத்தனையும் சில வரிகளில் அதில் அடங்கிவிடும். பேரேட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு உரிய கட்டணத்தைச் செலுத்தினால், உயிலின் நகல் யாருக்கும் கிடைக்கும். இந்த ஏற்பாடு இன்றளவும் நிலைத்து நிற்கிறது.

இறந்தவருடைய வீட்டு விஷயத்தை அயலார் எட்டிப் பார்ப்பது அநாகரிகம் அல்லவா என்று நம்மவர்களில் பலருக்கு உடனே தோன்றும். அந்த எண்ணம் மதிக்கத்தக்கதே. ஆயினும் உயில் என்பது எத்தகைய எழுத்து என்பதைச் சற்று நின்று யோசிக்கவேண்டும். தமிழில் நாம் சகஜமாக வழங்கும் இந்த 'உயில்' என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து வந்து நம் நாவுக்கு இசைய உருமாறியதுதான். விருப்பம் என்பது அதன் மூலப்பொருள். உயிரோடிருக்கும் மனிதன் தன் விருப்பத்தைத் தானே நிறைவேற்றிக்கொள்கிறான். இறந்தவனுடைய விருப்பத்துக்கோ கையும் இல்லை, காலும் இல்லை. அவன் எழுதிவைத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு, வங்கியினிடம் பணத்தை விடு என்றும், குடியிருப்பவனிடம் வீட்டைக் காலி செய் என்றும், மூத்த மகனிடம் உனக்கு ஒன்றும் இல்லை என்றும் கட்டளையிடுவது நியாயஸ்தலம். அந்த நியாயஸ்தலத்துக்கு அதிகாரம் கொடுத்திருப்பவர்கள் பொதுமக்கள். தன் சாவுக்குப் பிறகு ஊராரின் பலத்தைக் கொண்டு தன் சொல்லை நடத்திக்கொள்ள விரும்புகிறவன், அந்தச் சொல் இன்னது என்று ஊராருக்குத் தெரிவதையும் ஒப்புக்கொண்டவனாகவே ஆகிறான். எழுதியவர் உயிரோடிருக்கும் வரையில் உயில் பரம ரகசியம். அவர் கண்ணை மூடியபின் அது பொது ஆவணம். அந்தக் கோட்டை மரணம் ஒன்றே கிழிக்கிறது என்பது, எனக்குத் தெரிந்த சட்ட தத்துவங்களுள் மிகவும் நேர்மையானவற்றில் ஒன்று.

இதனால் விளைந்த பிரயோஜனங்களைச் சொல்லப் புகுந்தால், ஷேக்ஸ்பியரிடமிருந்து தொடங்குவது வழக்கம். 1616 மார்ச் 25-ஆம் தேதியிட்டு மூன்று தாள்களில் எழுதப்பட்ட அவருடைய உயில், இன்று லண்டனை அடுத்த கியூ என்னும் இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தம் மனைவிக்கு இரண்டாந்தரமான கட்டிலை அளிப்பதாக அதில் வரிகளுக்கு இடையே செருகி எழுதப்பட்டிருக்கும் வாசகத்தைப் பற்றி அறிஞர்கள் சலியாமல் விவாதித்து வருகிறார்கள். அந்த மகாகவியின் கையெழுத்துக்கள் என்று உலகம் ஐயமின்றி ஒப்புக்கொண்டிருப்பவை ஆறே ஆறு. அவற்றில் மூன்று இந்த உயிலின் மூன்று தாள்களில் இருக்கின்றன என்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்கிறேன். என் மனத்தைக் கவர்ந்தவை இதனினும் சிறிய சாசனங்களே.

நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் தம் மரணத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 1817 ஏப்ரலில், தம் கைப்பட ஒரு சிறு உயிலை எழுதினார். ஏறத்தாழ எல்லாவற்றையும் தமக்கை கஸாண்ட்ராவுக்கு விட்டுவிட்டு, இரண்டே இரண்டு பேருக்கு ஐம்பது ஐம்பது பவுன் தனியே ஒதுக்கினார். ஒருவர் சகோதரர் ஹென்றி. மற்றொருவர், மேடம் பிஜியன் என்னும் பிரெஞ்சு மாது. ஹென்றியின் வீட்டை நெடுங்காலம் பராமரித்தவர். ஹென்றி நடத்திய வங்கி 1816-ல் முறிந்தது. அதில் தம் சேமிப்பை இழந்தவர்களுள் இந்த அம்மாளும் ஒருவர். எழுதியே சம்பாதித்த ஒரு பெண்மணி, தம் குடும்பத்தால் நஷ்டப்பட்ட ஒரு வேலைக்காரிக்குச் செய்த ஈடு அந்த ஐம்பது பவுன். எந்த நாவலிலும் அவர் எழுதாத இந்தச் செய்தியை நாம் அறிவது அந்த உயில் யாரும் காணத்தக்க ஆவணமாக இருப்பதனாலேதான்.

நம் தேசத்தைச் சேர்ந்த கதை ஒன்றும் இதில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்களாக வங்காளத்திலும் சென்னையிலும் பம்பாயிலும் இருந்து இறந்த வெள்ளையர்களின் உயில்கள் பதிவாகி, லண்டனுக்கு அனுப்பப்பட்டுச் சேமித்து வைக்கப்பட்டன. அவற்றை எண்ணி ஆராய்ந்த சரித்திராசிரியர்கள், 1780-களின் தொடக்கத்தில் வங்காளத்து உயில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, தம்மோடு வாழ்ந்த இந்தியப் பெண்ணுக்கோ அவள் வயிற்றில் பிறந்த குழந்தைகளுக்கோ ஏதேனும் ஒரு பங்கு எழுதியிருப்பதைக் கண்டார்கள். கோட்டைகளின் வரலாற்றிலும், கவர்னர்களின் நிருபங்களிலும், கல்லறைக் கல்வெட்டுகளிலும் இடம் பெறாத ஸ்திரீகள் அவர்கள். தகப்பன் பெயரோ ஊர்ப் பெயரோ இன்றி, ஒற்றைப் பெயராலும், சில சமயம் பெயரே இல்லாமலும் குறிக்கப்பட்டவர்கள். அவர்களுடைய வாழ்வுக்கு எஞ்சி நிற்கும் ஒரே அத்தாட்சி, ஒரு மனிதன் சாகும் தறுவாயில் மனச்சாட்சிக்கு அஞ்சி எழுதிய இரண்டு மூன்று வரிகள். அந்த வரிகளைக் குடும்பத்தார் மட்டுமே பார்க்கலாம் என்று விதி இருந்திருக்குமானால், அவற்றைப் பார்க்கும் உரிமை அந்தப் பெண்களைச் சேர்ந்தவர்களுக்கு ஒருபோதும் கிடைத்திருக்காது. குடும்பத்தார் என்று எண்ணப்பட்டவர்கள் அவர்கள் அல்லவே!

பாமரருக்குப் பேரேட்டில் இடமுண்டா என்றால், உண்டு. முதல் உலக மகாயுத்தத்தில் மாண்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் தம் சம்பளப் புத்தகத்தின் ஏட்டில் பென்சிலாலும் பேனாவாலும் எழுதிவைத்த உயில்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் பாதுகாக்கப்பட்டு, 2013-ல் பொதுமக்கள் தேடிப் பார்க்கும்படி வெளியிடப்பட்டன. அவர்களுக்கு நிலமில்லை, வீடில்லை. என் உடைமைகள் யாவும் என் தாய்க்கு என்பதற்கு மேல் பெரும்பாலும் எழுத ஒன்றுமில்லை. அதைப் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் குண்டு விழும் பதுங்குகுழியில் எழுதியிருக்கிறான் என்று நினைக்கும்போது, எந்த ஜமீன்தாரின் நூறு பக்க உயிலையும்விட அந்த ஒற்றை வரி கனமாகத் தோன்றுகிறது.

பிரபுவுக்கும் சிப்பாய்க்கும் பொதுவான இந்தச் சட்டம் அரண்மனை வாசலில் மாத்திரம் நின்றுவிடுகிறது. முடிசூடிய அரசருடைய உயில் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை. ஆகவே அது பேரேட்டில் ஏறுவதுமில்லை. ராஜ குடும்பத்தின் மற்ற அங்கத்தினர்களுக்கு அந்த விலக்கு கிடையாது. அவர்களுடைய உயில்களை நீதிமன்றம் முத்திரையிட்டு மறைத்துவைக்கும் சம்பிரதாயமோ ஆதியிலிருந்து வந்ததன்று. அதற்குத் திட்டமான ஓர் ஆரம்பம் உண்டு. மேரி ராணியின் சகோதரர், டெக் வம்சத்து இளவரசர் பிரான்சிஸ், 1910-ல் மணமாகாமலே இறந்தார். குடும்பத்துக்கு உரியவையாகக் கருதப்பட்ட மரகத நகைகளை அவர் தம் காதலியாகிய ஒரு பிரபுவின் மனைவிக்கு எழுதிவைத்துவிட்டார் என்றும், முடிசூட்டு விழா நெருங்கும் சமயத்தில் இது வெளியே தெரிந்தால் அவமானம் என்று ராணி கலங்கினார் என்றும், பின்னர் நகைகள் திரும்ப வாங்கப்பட்டன என்றும் சொல்லப்படுகிறது. அந்த உயிலை மூடி முத்திரையிட நீதிபதி சம்மதித்தார். ஒருவருக்குக் காட்டிய அந்தச் சலுகை பின்வந்தவர்களுக்கெல்லாம் வழக்கமாகிவிட்டது.

எடின்பரோ கோமகன் பிலிப் 2021 ஏப்ரல் 9-ஆம் தேதி காலமானார். அவருடைய உயிலை 90 ஆண்டுகளுக்கு மூடிவைக்கும்படி குடும்ப நீதிமன்றப் பிரிவின் தலைவர் சர் ஆண்ட்ரு மக்ஃபார்லேன் உத்தரவிட்டார். விசாரணை தனியறையில் நடந்தது. பத்திரிகைகளுக்கு முன்னறிவிப்புத் தரப்படவில்லை. பொதுமக்களின் நலனை எடுத்துரைக்க அட்டர்னி ஜெனரல் ஒருவரே போதும் என்று கருதப்பட்டது. தீர்ப்பு மட்டும் செப்டம்பரில் பகிரங்கமாயிற்று. அதிலேதான் உலகம் முதன்முதலாக ஒரு செய்தியை அறிந்தது: குடும்ப நீதிமன்றப் பிரிவின் தலைவர் பதவியில் இருப்பவருடைய பாதுகாப்பில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது, அதற்குள் ராஜ குடும்பத்தைச் சேர்ந்தவர்களின் முத்திரையிட்ட உயில்கள் முப்பதுக்கும் மேற்பட்ட உறைகளில் இருக்கின்றன. முதல் உறை இளவரசர் பிரான்சிஸுடையது. கோமகனுடைய உயிலைத் தாமும் படித்துப் பார்க்கவில்லை என்று நீதிபதி அந்தத் தீர்ப்பிலேயே கூறியிருக்கிறார். 90 ஆண்டுகள் கழிந்த பின்பும் உறை தானாகத் திறந்துவிடாது. முதலில் தனியே பிரித்துப் பார்த்து, வெளியிடலாமா என்று ஆராயவேண்டும் என்பது உத்தரவு. 'கார்டியன்' பத்திரிகை மேல்முறையீடு செய்தது. 2022 ஜூலையில் அதுவும் தள்ளுபடியாயிற்று.

கோமகனின் மனைவியாகிய அரசியின் கௌரவத்தையும் அவருடைய நெருங்கிய குடும்பத்தாரின் அந்தரங்கத்தையும் காப்பது பொது நலனுக்கே உகந்தது என்பது தீர்ப்பின் சாரம். துக்கத்தில் இருந்த ஒரு மூதாட்டியிடம் அந்த நீதிபதிக்கு இருந்த பரிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தரங்கம் ஒரு நன்மையானால், இறந்த கொத்தனாரின் விதவைக்கும் அது நன்மைதானே? டயானா இளவரசியின் உயில் அவர் இறந்த மறு ஆண்டே வெளிவந்ததே; அவருடைய சிறு புதல்வர்களுக்கு அந்தரங்கம் இல்லையா? அந்த உயில் வெளிவந்ததனால்தான், தம் பொருள்களில் நான்கில் ஒரு பங்கு தம்முடைய பதினேழு ஞானக்குழந்தைகளுக்குச் சேரவேண்டும் என்று அவர் தனிக் கடிதத்தில் எழுதியிருந்ததும், கடைசியில் அவர்களுக்கு ஆளுக்கு ஒரு நினைவுப் பொருள் மட்டுமே கிடைத்ததும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடியவையாயின. மூடிய உறையினுள் எழுதியவருடைய ரகசியம் மட்டும் உறங்குவதில்லை. எழுதியபடி கொடுத்தார்களா இல்லையா என்ற கேள்வியும் உடன் உறங்கிப்போகிறது.

செல்வந்தர்கள் தங்கள் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளச் சட்டம் வேறு வழிகளையும் நெடுங்காலமாகவே திறந்து வைத்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நம்பிக்கைக்குரிய ஒருவர் பெயரில் உயிலில் தொகையை எழுதிவிட்டு, அது உண்மையில் யாருக்குச் சேரவேண்டும் என்பதைத் தனியே அவரிடம் சொல்லிவைக்கலாம்; அத்தகைய ரகசியப் பொறுப்பை ஆங்கில நீதிமன்றங்கள் அங்கீகரித்தே வந்திருக்கின்றன. ஜீவதசையிலேயே சொத்தை அறக்கட்டளையில் சேர்த்துவிடலாம். அப்படியிருக்க, பேரேட்டை மூடினால் அதனால் நஷ்டப்படப் போகிறவர்கள் யார்? தனக்கு ஐம்பது பவுன் எழுதியிருப்பதையே அறியாத வேலைக்காரி. தந்தை தன்னை மறந்துவிட்டார் என்று அண்ணன்மார் சொன்னதை நம்பி அழுதுகொண்டிருக்கும் மகள். உயிலில் பெயர் குறித்த ஓர் அநாதை விடுதி. வக்கீலைத் தேடிப் போகச் சக்தியற்ற இவர்களுக்கு, போய்க் கேட்டால் நகல் கிடைக்கும் என்ற அந்த ஓர் உரிமைதான் துணை.

நம் நாட்டுக்கு வருவோம். திறந்த நீதிமன்றத்துக்கு வந்த ஓர் உயில் என்னென்ன செய்யும் என்பதற்குச் சென்னையைவிட நல்ல சாட்சி வேறெங்கும் இல்லை. பெரியபாளையத்தில் பிறந்து, துபாஷித் தொழிலில் பெரும் பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார், 1794 மார்ச் 22-ஆம் தேதி ஓர் உயில் எழுதினார். அதே மாதம் 31-ஆம் தேதி, நாற்பது வயதளவில், திருவையாற்றில் காலமானார். சிவ விஷ்ணு ஆலயங்களின் கைங்கரியத்துக்கும், ஏழைகளுக்கு உபகாரம் செய்வதற்கும், கல்விச் சாலைகளுக்கும் தம் செல்வத்தை அவர் எழுதிவைத்திருந்தார். பிறகு நடந்தது குடும்பத்துக்குள் ஒரு வியாஜ்யம். பல பத்தாண்டுகள் அது நீண்டது. தர்மம் நடைபெறவில்லை, வட்டி மாத்திரம் வளர்ந்துகொண்டே போயிற்று. அந்நாளில் சென்னையில் இருந்த உச்ச நீதிமன்றத்தில், பொதுமக்களின் சார்பில் பேசும் கடமை பூண்ட அட்வகேட் ஜெனரல் அந்த விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே, இது பங்காளிகளின் சொத்து அன்று, தர்மத்தின் சொத்து என்பது நிலைநாட்டப்பட்டது. லட்சம் வராகன் ஆலய தர்மங்களுக்கென்று பிரித்து வைக்கப்பட்டது. பெருகிநின்ற உபரித் தொகை கல்விக்குத் திரும்பியது. 1842-ல் பச்சையப்பன் பெயரால் பள்ளிக்கூடம் திறந்தது. அது வளர்ந்து கல்லூரியாயிற்று. கணித மேதை ராமானுஜன் அதன் வகுப்புகளில் உட்கார்ந்தார். பின்னாளில் இந்த ராஜ்யத்தின் முதன்மந்திரியான அண்ணாதுரை அங்கே படித்துப் பட்டம் பெற்றார். அந்த உயில் ஒரு வீட்டுப் பீரோவிலேயே கிடந்திருந்தால், அதைப் பற்றிக் கேட்க ஊரார் யார் என்று குடும்பத்தார் சொல்லியிருந்தால், வட்டிக்கு வட்டி சேர்ந்த அந்தத் திரவியம் எங்கே போயிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

நமது சட்டத்திலும் அதே தத்துவம் எழுதப்பட்டிருக்கிறது, அறிந்தவர்கள்தாம் குறைவு. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பதிவலுவலகப் புத்தகங்களைப் பலவாக வகுத்திருக்கிறது. நிலம், வீடு பற்றிய பத்திரங்கள் ஏறுவது முதற்புத்தகம். அதை யாரும் பார்க்கலாம். உயில்களும், சுவீகாரம் எடுத்துக்கொள்ள அதிகாரம் அளிக்கும் பத்திரங்களும் ஏறுவது மூன்றாம் புத்தகம். அந்தப் புத்தகத்திலுள்ள உயிலின் நகல், எழுதியவர் உயிரோடிருக்கும் வரையில் அவருக்கும் அவருடைய முகவருக்கும் மாத்திரமே கிடைக்கும். அவர் இறந்த பின்போ, விண்ணப்பிக்கும் எவருக்கும் கொடுக்கவேண்டும் என்று 57-ஆம் பிரிவு சொல்கிறது. மகன் என்றோ மனைவி என்றோ அது குறிப்பிடவில்லை. 'எவருக்கும்' என்பதே அதன் கருத்து. டாக்டர்ஸ் காமன்ஸில் ஒரு ஷில்லிங் வைத்தவருக்கு இருந்த உரிமை, மரணச் சான்றிதழோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரும் நம் ஊர்க் கிழவிக்கும் இருக்கிறது.

அதே சட்டத்தில் அழகான ஏற்பாடு இன்னொன்று உண்டு. தம் உயிலை ஒருவரும் படிக்கலாகாது என்று எண்ணுகிறவர், அதை உறையிலிட்டு மூடி, மேலே தம் பெயரையும் உள்ளிருப்பது உயில் என்பதையும் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவிடலாம். பதிவாளர் அதைத் தீப்பற்றாத பெட்டியில் வைத்துக் காப்பார். எழுதியவர் மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அவர் இறந்துவிட்டார் என்று தெரிவித்து ஒருவர் விண்ணப்பித்தால், பதிவாளர் மரணத்தை உறுதிசெய்துகொண்டு, விண்ணப்பித்தவர் முன்னிலையில் உறையைத் திறந்து, வாசகத்தை மூன்றாம் புத்தகத்தில் எடுத்தெழுதச் செய்வார். உறை இங்கேயும் முத்திரையிட்டதுதான். ஆனால் இந்த முத்திரை, எழுதியவர் மூச்சு நின்றதும் உடைபடுவதற்கென்றே இடப்பட்ட முத்திரை.

இவ்வளவும் இருந்தும் காரியத்தில் என்ன நடக்கிறது? உயிலைப் பதிவு செய்வது நம் சட்டத்தில் கட்டாயமன்று. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்திட்டாலும் அது செல்லும். ஆகவே தலையணைக்கு அடியிலும், அரிசிப் பானைக்குப் பின்னாலும், நண்பர் ஒருவரின் நிலைப்பேழையிலும் கிடக்கும் உயில்களே நம் நாட்டில் ஏராளம். அவற்றை முதலில் கண்டெடுப்பவன் கையிலேயே மற்றவர்களின் பாக்கியம் இருக்கிறது. கபடமாக ஓர் உயிலை அழிப்பவனுக்கு ஆயுள் தண்டனை வரையில் விதிக்கலாம் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 477-ஆம் பிரிவு கூறிற்று. அந்தக் குற்றத்தை எவ்வளவு கொடியதாகச் சட்டம் கருதியது என்பதற்கு அது சான்று. ஆனால் அடுப்பில் எரிந்துபோன காகிதம் இருந்தது என்று நிரூபிப்பது யார்? பதிவானவற்றிலும் சிரமம் இல்லாமலில்லை. உயிலைத் தமக்கு இஷ்டமான சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாமாதலால், எந்த அலுவலகம் என்று தெரியாதவர் எங்கே போய்க் கேட்பார்? சொத்து வாங்குகிறவர்கள் வழக்கமாகப் போட்டுப் பார்க்கும் வில்லங்கச் சான்று முதற்புத்தகத்திலிருந்து தயாராவது; அதில் உயில் தெரியாது. மூன்றாம் புத்தகத்தைப் பதிவு அதிகாரியே தேடிப் பார்க்கவேண்டும். நாம் புரட்டிப் பார்க்க அனுமதியில்லை. இங்கிலாந்தில் இறந்தவர் பெயர் ஒன்றைக் கொண்டே தேசம் முழுவதையும் தேடிவிடும்படி பேரேடு இருக்கிறது. அத்தகைய ஒரே பேரேடு நமக்கு இல்லாதது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். இறந்தவர் பெயரைக் கொடுத்தால் மாகாணம் முழுவதற்கும் விடை சொல்லும் ஓர் அட்டவணையைப் பதிவுத்துறை செய்து தரவேண்டும். சட்டம் கொடுத்த உரிமையை எங்கே போய்ப் பெறுவது என்று சொல்லாமல் விட்டால், அந்த உரிமை படித்தவனுக்கும் பணக்காரனுக்கும் மட்டுமே பயன்படும்.

இந்தப் பேரேட்டின் தாயகத்திலேயே அதற்கு ஓர் ஆபத்து வந்தது. 1858 முதல் சேர்ந்த உயில்களையும் அவற்றைச் சார்ந்த தஸ்தாவேஜுகளையும் சேர்த்துப் பதினொரு கோடி ஆவணங்கள் இருப்பதாகவும், அவற்றைப் பாதுகாக்க ஆண்டுக்கு 45 லட்சம் பவுன் செலவாவதாகவும் கணக்குக் காட்டிய பிரிட்டிஷ் நீதி அமைச்சகம், 2023 டிசம்பரில் ஒரு யோசனையை வெளியிட்டது: எல்லாவற்றையும் கணினிப் படங்களாக மாற்றிவிடலாம், மூலக் காகிதங்களை 25 ஆண்டுகள் மட்டும் வைத்திருந்து, பிறகு அழித்துவிடலாம், புகழ் பெற்றவர்களின் உயில்களை மட்டும் சரித்திர மதிப்புக் கருதிக் காப்பாற்றலாம். சரித்திராசிரியர்களும் ஆவணக் காப்பாளர்களும் வம்சாவளி ஆராய்ச்சியாளர்களும் ஒருமித்து ஆட்சேபித்தார்கள். படம் தெளிவில்லாமல் விழலாம், பக்கம் விட்டுப்போகலாம், கணினிக் கோப்புகள் களவு போகலாம், கெட்டுப்போகலாம். மசியின் நிறமும், தாளின் நீர்க்குறியும், செருகிய வரி எப்போது செருகப்பட்டது என்பதும் மூலத்தில்தான் தெரியும். ஷேக்ஸ்பியரின் இரண்டாந்தரக் கட்டில் ஒரு செருகல் என்பதே மூலம் இருப்பதால் உறுதியாகத் தெரிந்த செய்தி.

இந்த யோசனையில் என்னை மிகவும் வருத்தியது செலவுக் கணக்கன்று. புகழ் பெற்றவர்கள் எவர் என்று முடிவு செய்பவர் யார்? மேடம் பிஜியன் ஓர் உயில் எழுதியிருந்தால், அது எந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும்? பதுங்குகுழியில் எழுதிய பையனின் பென்சில் எழுத்து எதில் சேரும்? பேரேட்டின் மகத்துவமே, பெயர்களை அது தகுதி பார்க்காமல் அகராதிக் கிரமத்தில் அடுக்கியதில் இருந்தது. கோமகனின் உறையை மூடிவைப்பதும், கொத்தனாரின் காகிதத்தை அழிக்க நினைப்பதும் வெவ்வேறு காரியங்களாகத் தோன்றினாலும், இரண்டும் அந்த வரிசையைக் கலைப்பவையே.

அந்த வரிசைக்காகப் போராடிய டிக்கன்ஸ் 1870 ஜூன் 9-ஆம் தேதி காலமானார். அவருடைய உயில் 1869 மே 12-ஆம் தேதி எழுதப்பட்டது. அதை எழுதும்போது, தாம் இறந்தபின் அதை யார் வேண்டுமானாலும் படிப்பார்கள் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இங்கிலாந்தில் ஒருவரும் இருந்திருக்க முடியாது. தம் சவ அடக்கம் ஆடம்பரமின்றி நடக்கவேண்டும், வந்தவர்கள் துக்கச் சின்னங்களை அணியலாகாது, கல்லறையில் எந்தப் பட்டமும் இன்றித் தம் பெயர் மட்டும் பொறிக்கப்படவேண்டும் என்று அதில் கட்டளையிட்டார். தம்மிடம் ஓராண்டுக்குக் குறையாமல் வேலை பார்த்த வீட்டு ஊழியர் ஒவ்வொருவருக்கும், ஆண் பெண் என்ற பேதமின்றி, பத்தொன்பது கினி எழுதிவைத்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் கண்ணுக்கு அவர் மறைத்துவந்த ஒரு சிநேகமும் இருந்தது. எல்லென் டெர்னன் என்னும் நடிகையோடு கொண்ட சிநேகம். நெருங்கிய நண்பர்கள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவருடைய சரித்திரத்தை மூன்று பாகங்களாக எழுதிய ஆப்த நண்பர் ஜான் ஃபாஸ்டரும் கதையினிடையே அந்தப் பெண்ணின் பெயரைக் கூறவில்லை. ஆனால் நூலின் இறுதியில் அனுபந்தமாக, பொதுமக்கள் எப்படியும் பார்க்கக்கூடியதாகிய அந்த உயிலை அவர் முழுவதும் அச்சிட்டார். மனைவிக்கும், மைத்துனிக்கும், மக்களுக்கும், ஊழியருக்கும் முன்னதாக, முதல் கொடையாக, ஆயிரம் பவுனுக்கு எதிரே அவள் முழுப் பெயரும், அவள் முன்பு குடியிருந்த வீதியின் பெயரும் அதில் இருக்கின்றன.